ஒரு முடி, நான்கு கொடி

ஒலிம்பிக் பந்தயங்களின் தொடக்க விழாவில் ‘கிரேட் பிரிட்டன்’ என்ற ஒரே பெயர்ப்பலகையின் பின்னே ஒரே சீருடையில் அணிவகுத்து வருகிற மக்கள், கால்பந்து என்றதும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்காகப் பிரிந்து நிற்கிறார்கள். ரக்பி விளையாட்டில் கணக்கு மாறுகிறது. அங்கே பிரிட்டனோடு இணைந்த வட அயர்லாந்தும், தனிக் குடியரசான தென் அயர்லாந்தும் சேர்ந்து ‘அயர்லாந்து’ என்ற ஒரே அணியாக ஆடுகின்றன. கிரிக்கெட்டில் மூன்றாவது கணக்கு. வேல்ஸ் நாட்டுக்குத் தனி டெஸ்ட் அணி கிடையாது. அதன் வீரர்கள் இங்கிலாந்துக்கே ஆடுகிறார்கள். அரசர் ஒருவர், கடவுச்சீட்டு ஒன்று, செலவழிக்கும் பவுன் நாணயமும் ஒன்று. பந்து உருளத் தொடங்கினால் மட்டும் ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்றாகிவிடுகிறது!

இது என்ன சிறுபிள்ளைத்தனம், ஒரே அரசின் குடிகள் ஒரே அணியாக ஆடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது போலத்தான் தோன்றும். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்த நான்கு கொடிகளையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டால் அந்த மக்களிடையே அன்பு பெருகிவிடாது; சிறியவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள், அவ்வளவுதான். ஆனால் தனித்தனியே நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை அண்மையில் கொடுத்தவர்கள் பெண்கள். அதைப் பின்னால் சொல்கிறோம்.

உலகில் இரு நாடுகளுக்கிடையே நடந்த முதல் அதிகாரபூர்வமான கால்பந்து ஆட்டம் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்ததுதான். 1872-ஆம் ஆண்டு நவம்பர் 30. ஸ்காட்லாந்தின் பாதுகாவலரான புனித பெலவேந்திரர், அதாவது அந்திரேயாவின் திருநாள். கிளாஸ்கோ நகரத்தில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் ஏறத்தாழ 4,000 பேர் கூடியிருந்தனர். ஸ்காட்லாந்துக்காக ஆடிய பதினொருவரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு கோல் கூட விழவில்லை. ஆயினும் அன்று தொடங்கிய வழக்கு ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் தீரவில்லை.

அந்தப் போட்டியால் உலகத்துக்குக் கிடைத்த நன்மை ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் நான்கு சங்கங்களும் வெவ்வேறு விதிகளின்படி ஆடின. ஒருவரோடு ஒருவர் மோத வேண்டுமென்றால் விதி ஒன்றாக இருந்தாக வேண்டுமல்லவா? எனவே 1886-இல் நான்கு சங்கங்களும் கூடி விதிகளுக்கென ஒரு பொதுச் சபையை அமைத்தன. இன்றும் கால்பந்தின் விதிகளை வகுப்பது அதே சபைதான். பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்கு நான்கு வாக்கு. விதி மாற ஆறு வாக்கு வேண்டும். நம் ஊர்த் திடலில் ஆடப்படும் கால்பந்தும் அந்தப் பங்காளிகள் சண்டை போட்டு எழுதிய விதிப்படிதான் ஆடப்படுகிறது.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ரக்பியில் எந்தக் கோப்பைக்காக மோதுகின்றன தெரியுமா? ‘கல்கத்தா கோப்பை.’ 1872-இல் கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் இருந்த வெள்ளையர்கள் இங்கிலாந்துக்காரர் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர் மறு பக்கமுமாகப் பிரிந்து ரக்பி ஆடினார்கள். வீடு விட்டு ஆறாயிரம் கல் தொலைவு வந்த பிறகும் இந்தப் பிரிவினை கூடவே கப்பலேறி வந்திருக்கிறது பாருங்கள்! அதிலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. சில ஆண்டுகளில் அது கலைந்தது. கலையும்போது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூடியின் மேல் யானை. கைப்பிடிகள் படமெடுத்த நாகங்கள். நம் நாட்டு வெள்ளியும் நம் நாட்டு வேலைப்பாடும் கொண்ட அந்தக் கோப்பைக்கான முதல் ஆட்டம் 1879-இல் எடின்பரோவில் நடந்து, வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1988-இல் ஆட்டம் முடிந்த இரவில், மது மயக்கத்தில், இரு அணியிலிருந்தும் ஆளுக்கொருவர் அதை எடின்பரோ தெருவில் பந்தாக உதைத்து நசுக்கினார்கள். ஆடுகளத்தில் பகைவர்கள், அந்த அடாத செயலில் மட்டும் ஒற்றுமை! கன்னியர் இந்த வரியை மன்னிப்பார்களாக.

இனி, ஒரே அணி என்பவர்களுக்கு நம் மறுமொழி. பிரிட்டனின் மக்கள் தொகையில் இங்கிலாந்து மட்டும் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம். ஸ்காட்லாந்து 55 இலட்சம் அளவில் இருக்கிறது. வேல்ஸ் 30 இலட்சத்துக்குச் சற்று மேல். வட அயர்லாந்து 20 இலட்சத்துக்குச் சற்றுக் கீழ். இந்த நால்வரும் ஒரே தட்டில் உண்ண வேண்டுமென்றால் யார் வயிறு நிறையும்? 2012 லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்காக ஆண்கள் கால்பந்தில் ஒரே பிரிட்டன் அணியை அமைத்துப் பார்த்தார்கள். மற்ற மூன்று சங்கங்களும் அதை விரும்பவில்லை; தங்கள் தனி உரிமை பறிபோய்விடும் என்று அஞ்சின. அமைந்த அணியில் இருந்த பதினெட்டுப் பேரில் பதின்மூவர் இங்கிலாந்து, ஐவர் வேல்ஸ். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருமில்லை, வட அயர்லாந்துக்காரரும் இல்லை.

இதற்கு மாறாக 1958-ஐ நினைத்துப் பார்ப்போம். சுவீடன் நாட்டில் நடந்த அவ்வாண்டு உலகக் கோப்பைக்கு நான்கு அணிகளும் தகுதி பெற்றன. அதற்கு முன்னும் அப்படி நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. பெரியவரான இங்கிலாந்தும், அடுத்தவரான ஸ்காட்லாந்தும் முதல் சுற்றோடு ஊர் திரும்பினார்கள். கடைக்குட்டிகளான வேல்ஸும் வட அயர்லாந்தும் கால் இறுதி வரை போயின. பிரேசிலை எதிர்த்து நின்ற வேல்ஸ் ஒரே ஒரு கோலில்தான் தோற்றது. அந்தக் கோலை அடித்தவர் பதினேழே வயதான பெலே. ஒரே அணியாகச் சென்றிருந்தால் அந்த வேல்ஸ் வீரர்களில் எத்தனை பேர் கப்பலேறியிருப்பார்கள்? பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பையன்களை யார் தேடிப் பிடித்திருப்பார்கள்? அதன் பிறகு வேல்ஸ் மீண்டும் ஒரு உலகக் கோப்பையைக் காண 2022 வரை, 64 ஆண்டுகள், காத்திருந்தது. பிறர் அணியில் ஒட்டிக்கொண்டு போவதைவிடத் தன் பெயரில் காத்திருப்பது மேல் என்று அந்தச் சிறு நாடு எண்ணியது. அந்த எண்ணம் நமக்குப் பிடித்திருக்கிறது.

பகைமையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ‘எவர் வேண்டுமானாலும் வெல்லட்டும், இங்கிலாந்து மட்டும் தோற்க வேண்டும்’ என்பது மற்ற மூவரிடமும் ஊறிப்போன ஒரு வழக்கு. நம் ஊரில் இதற்குப் பெயர் பங்காளிக் காய்ச்சல். 2016-இல் ஐரோப்பியக் கோப்பையில் ஐஸ்லாந்து இங்கிலாந்தை வீழ்த்தியபோது வேல்ஸ் வீரர்கள் தங்கள் விடுதியில் துள்ளிக் குதித்ததை உலகமே படத்தில் பார்த்தது. இத்தனைக்கும் அந்தப் போட்டியில் வேல்ஸ் தானே நன்றாக ஆடி அரை இறுதி வரை சென்றது. பிறர் தோல்வியில் மகிழ வேண்டிய தேவையே அதற்கு இல்லை. 1999-இல் இன்னும் வேடிக்கை. ரக்பியில் ஐந்து நாடுகள் போட்டியின் கடைசி ஆட்டம். வேல்ஸ் அதற்கென எந்தப் பட்டமும் கிட்டாத நிலையில், இங்கிலாந்தை 32–31 என்று கடைசி நிமிடங்களில் கவிழ்த்தது. அதனால் பட்டம் யாருக்குப் போயிற்று? வீட்டில் உட்கார்ந்திருந்த ஸ்காட்லாந்துக்கு!

இவையெல்லாம் வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. 1990-இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய ரக்பி ஆட்டத்தைப் பாருங்கள். இரு அணியும் அவ்வாண்டு தோல்வியே காணாதவை. லண்டன் அரசு கொண்டுவந்த தலைவரி, இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்னதாகவே, 1989-இல் ஸ்காட்லாந்தில் புகுத்தப்பட்டிருந்தது. ‘எங்களை வைத்துச் சோதனை செய்து பார்க்கிறார்கள்’ என்று அந்த மக்கள் மனம் புழுங்கிக்கொண்டிருந்த நேரம். ஸ்காட்லாந்து அணி ஓடி வராமல், ஒவ்வோர் அடியாக மெல்ல நடந்து மைதானத்துக்குள் வந்தது. 13–7 என்று வென்றது. வரி எதுவும் அன்று குறையவில்லை. ஆனால் ‘நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்று சொல்ல அந்த மக்களுக்கு எண்பது நிமிடமும் ஒரு பந்தும் கிடைத்தன. கல் எறிவதைவிட அது நல்லதல்லவா?

குறை முழுவதும் சிறியவர் பக்கம் என்றும் சொல்வதற்கில்லை. பெரியவர் தன் பெயரையே குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொள்ளும்போதுதான் தம்பிகளுக்குச் சினம் வருகிறது. 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்ற நாளில் வெம்பிளி மைதானத்தில் அதன் ரசிகர்கள் அசைத்தவை பிரிட்டன் முழுமைக்குமான பொதுக்கொடிகள். 1996-இல் அதே மைதானத்தில்தான் புனித ஜார்ஜியாரின் செஞ்சிலுவைக் கொடி, அதாவது இங்கிலாந்தின் சொந்தக் கொடி, பரவலாகப் பறக்கத் தொடங்கியது. கொடியில் வந்த தெளிவு பாட்டில் இன்னும் வரவில்லை. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தங்கள் சொந்தப் பாடலைப் பாடுகின்றன. இங்கிலாந்து, கால்பந்திலும் ரக்பியிலும், நால்வருக்கும் பொதுவான அரச வாழ்த்தையே தன் பாட்டாகப் பாடுகிறது. பொதுவில் இருக்கும் பெரிய அண்டாவை மூத்தவர் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட கதைதான் இது. காமன்வெல்த் பந்தயங்களில் மட்டும் இங்கிலாந்து வேறொரு பாடலைத் தனக்கென வைத்துக்கொண்டது. அதையே மற்ற மைதானங்களுக்கும் கொண்டு செல்லலாமே என்பது எம் கருத்து. பாதிக் கசப்பு அதிலேயே தீரும்.

நூறாண்டு காலம் நான்கு அணிகளும் ஆண்டுதோறும் தமக்குள் ஆடிவந்த கால்பந்துப் போட்டியைக் கைவிட்டவர்களும் பெரியவர்கள்தான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் விலகிக்கொண்டதால் 1983–84 ஆட்டங்களோடு அது நின்றது. அந்தக் கடைசி ஆண்டில் நான்கு அணிகளும் சமமாக மும்மூன்று புள்ளிகள் பெற, கோல் கணக்கில் வட அயர்லாந்து முந்தியது. கோப்பை பெல்ஃபாஸ்டிலேயே தங்கிவிட்டது. கடைக்குட்டிக்குக் கிடைத்த சீதனம் என்று வைத்துக்கொள்வோம்.

வட அயர்லாந்து என்றதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. அங்கே விளையாட்டு எல்லாப் புண்ணையும் ஆற்றும் மருந்தன்று. 2002-இல் நீல் லெனன் என்ற கத்தோலிக்க வீரர், கிளாஸ்கோவின் செல்டிக் சங்கத்துக்கு ஆடியவர், வட அயர்லாந்து அணிக்குத் தலைமை தாங்க இருந்த நாளில் அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவர் அதன் பின் அந்தச் சட்டையை அணியவே இல்லை. எதிரணி ரசிகர்கள் அல்லர், சொந்த ஊர்க்காரர்களே அவரை விரட்டினார்கள். இதைப் போட்டி உணர்வு என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்ப மாட்டோம்.

ஆனால் அதே தீவில் வேறு நாட்களும் உண்டு. 1972-இல் அயர்லாந்தில் கலவரம் மூண்டிருந்தபோது ஸ்காட்லாந்து, வேல்ஸ் ரக்பி அணிகள் டப்ளினுக்குப் போக அஞ்சி நின்றுவிட்டன. மறு ஆண்டு இங்கிலாந்தின் முறை. எவரைக் கண்டு அயர்லாந்து மக்கள் அதிகம் கொதிக்கக்கூடுமோ அவர்களே துணிந்து வந்தார்கள். மைதானத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று நிமிடக்கணக்கில் கைதட்டினார்கள். ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்றது. அன்றிரவு விருந்தில் அதன் தலைவர் ஜான் புல்லின், தங்கள் ஆட்டம் சுமாராக இருக்கலாம், ஆனால் வருவதாகச் சொன்னால் வந்துவிடுவோம் என்ற பொருளில் பேச, மண்டபமே அதிர்ந்தது.

2007-இல் டப்ளினின் குரோக் பார்க்கில் நடந்தது இதைவிடப் பெரிது. 1920 நவம்பர் 21 அன்று, ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பிரிட்டிஷ் படையினர் புகுந்து சுட்டு, 14 பேர் மாண்ட மைதானம் அது. இறந்தவர்களில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரரும் உண்டு. வெளிநாட்டு ஆட்டங்களுக்கு நெடுங்காலம் அங்கே இடமே கொடுக்கவில்லை. அந்த மண்ணில் இங்கிலாந்து ரக்பி அணி வந்து நின்று, அதன் அரச வாழ்த்து ஒலித்தபோது கூச்சல் எழும் என்று பலரும் அஞ்சினார்கள். எழவில்லை. மரியாதையான அமைதி நிலவியது. பாட்டு முடிந்ததும் அயர்லாந்து அணி விருந்தாளியை 43–13 என்று புரட்டி எடுத்தது! மரியாதை வேறு, ஆட்டம் வேறு.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த நால்வரும் ரக்பியில் ஒன்று சேர்வதும் உண்டு. ‘பிரிட்டிஷ், ஐரிஷ் லயன்ஸ்’ என்ற அந்த அணி நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளுக்கு மாறி மாறிச் செல்கிறது. வேல்ஸின் சிவப்பு மேற்சட்டை, இங்கிலாந்தின் வெள்ளைக் காற்சட்டை, ஸ்காட்லாந்தின் நீலமும் அயர்லாந்தின் பச்சையும் காலுறையில். மாநிறமாகக் கலக்கிவிடாமல் அவரவர் நிறத்தை அப்படியே வைத்து ஓர் உடை. 1971-இல் வேல்ஸ்காரர் கார்வின் ஜேம்ஸ் பயிற்சியில் அவர்கள் நியூசிலாந்தையே அதன் மண்ணில் தொடரில் வென்றார்கள். நாமும் ஆண்டு விளையாட்டு விழாவில் இல்லம் இல்லமாகப் பிரிந்து கத்துகிறோம். மாவட்டப் போட்டிக்குப் போகும்போது அந்தக் கத்தல்தானே நல்ல ஓட்டக்காரியை நமக்குக் காட்டிக் கொடுக்கிறது?

கிரிக்கெட்டில் இந்தக் கலப்பு இன்னும் விந்தையானது. 1973 சனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நம் அணியோடு ஆடிய ‘இங்கிலாந்து’ அணியின் தலைவர் டோனி லூயிஸ், வேல்ஸின் சுவான்சியில் பிறந்தவர். துணைத்தலைவர் மைக் டென்னஸ், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 2019-இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த இயோன் மார்கன் டப்ளின்காரர். அதே அயர்லாந்து 2011-இல் பெங்களூரில், கெவின் ஓ பிரையன் 50 பந்துகளில் நூறு அடிக்க, இங்கிலாந்தின் 327 ஓட்டங்களைத் துரத்திப் பிடித்தது. திறமையுள்ள பிள்ளையைப் பெரிய வீடு அழைத்துக்கொள்வதும், சிறிய வீடு ஒரு நாள் அதற்குப் பதில் சொல்வதும் இயல்புதான்.

பெண்கள் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். 1920-இல் லிவர்பூல் நகரில் பெண்களின் கால்பந்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று தன் மைதானங்களின் கதவைச் சாத்தியது. ஐம்பது ஆண்டுகள்! கதவு திறந்த பின், ஆண்களின் முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1972 நவம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊரில் இரு நாட்டுப் பெண்களும் முதன்முதலாக அதிகாரபூர்வமாக மோதினார்கள். இங்கிலாந்து 3–2 என வென்றது. நூறாண்டு பிந்தினாலும் போட்டி அதே போட்டிதான்.

ஆண்களைப் போலன்றி, பெண்கள் கால்பந்தில் ஒலிம்பிக் பந்தயம் மிகப் பெரிய மேடை. அதில் பிரிட்டன் ஒரே அணியாகத்தான் ஆட முடியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கான இடத்தை இங்கிலாந்து அணி ஐரோப்பியப் போட்டியில் வென்று தர வேண்டும். கிடைத்தால் ஸ்காட்லாந்து, வேல்ஸ் பெண்களும் அதில் சேரலாம் என்பது ஏற்பாடு. 2021 டோக்கியோவில் அப்படிச் சேர்ந்து ஆடியும் இருந்தார்கள். வந்த வினையைக் கேளுங்கள். சீட்டுக் குலுக்கலில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே பிரிவில் விழுந்தன. 2023 டிசம்பர் 5 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் கடைசி ஆட்டம். இங்கிலாந்து பல கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் ஒலிம்பிக் வாசல் திறக்கும். அதாவது, ஸ்காட்லாந்துப் பெண்கள் தடுக்கிற ஒவ்வொரு பந்தும் அவர்களுடைய சொந்த ஒலிம்பிக் வாய்ப்பையே தடுக்கிற பந்து! அவர்கள் விட்டுக்கொடுப்பார்களோ என்று வெளியே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியையே அந்த வீராங்கனையர் அவமதிப்பாகக் கருதினார்கள்.

ஆடினார்கள். இங்கிலாந்தின் கை மிக ஓங்கியிருந்தது. 6–0 என முடிந்தது. அதே நேரத்தில் வேறிடத்தில் பெல்ஜியத்தோடு ஆடிய நெதர்லாந்து, ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் அடித்து 4–0 என வென்று, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பிரிவின் முதலிடத்தைத் தட்டிச் சென்றது. பாரிஸுக்கு எந்த வீட்டுப் பெண்ணும் போகவில்லை.

நான்கு கொடிகளும் வேண்டும் என்கிற நாம் இந்த இரவை மறைத்துப் பேச முடியாது. ஆனால் இதற்காகக் கொடியை மடிக்க வேண்டியதில்லை. விதியைத் திருத்தினால் போதும். ஒரு வீட்டின் வெற்றியில் மற்ற வீட்டுப் பெண்களின் வாய்ப்பைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, அந்த இரு வீடுகளையும் ஒரே பிரிவில் மோதவிடுவது எந்த ஊர் நியாயம்? குலுக்கலின்போதே இருவரையும் வெவ்வேறு பிரிவுகளில் வைத்திருக்கலாம். அல்லது நால்வரில் எவர் நன்றாக ஆடினாலும் இடம் கிடைக்கும் என்று வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அன்றிரவு ஹாம்ப்டன் பார்க்கில் அந்தப் பதினொரு பெண்களும் இங்கிலாந்தை எதிர்த்து மட்டும் ஆடியிருப்பார்கள்.